கரும்பச்சை டி-ஷர்ட் கேட்ட மகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். காலேஜ் சுற்றுச்சூழல் மன்ற ஊர்வலத்துக்கு 150 டி-ஷர்ட், கரும்பச்சை, முதுகில் 'பூமியைக் காப்போம்' என்று பிரிண்ட், அடக்க விலைக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் போட்டுத் தரமாட்டேன். கோபப்படாமல் முழுசாகப் படி.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, காட்டில் பருத்தி விளைவதிலிருந்து கணக்குப் போட்டால், ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று சொல்கிறார்கள். இது உனக்கே தெரிந்திருக்கும், ஊர்வலத்துப் போஸ்டரில்கூட எழுதுவீர்கள். போஸ்டரில் வராதது சாயப்பட்டறைக் கணக்கு. பருத்தித் துணியில் சாயம் சும்மா ஏறாது. மிஷினுக்குள் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால்தான் நூலில் பிடிக்கும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி, நீ கேட்கிற கரும்பச்சை இதெல்லாம் லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம்கூடக் கேட்கும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரோடுதான் வெளியே வரும்.

அது போய்ச் சேர்ந்த இடம் நம் நொய்யல் ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நீ அப்போது பால்வாடி போகிற வயசு. இப்போது கழிவை ஆற்றில் விடக் கூடாது, சுத்திகரித்து மறுபடி சாயம் போடவே பயன்படுத்த வேண்டும் என்று ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. ஓட வேண்டும், பாய்லர் எரிய வேண்டும். கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டை கட்டி அடுக்குகிறார்கள். இவ்வளவும், ஒரு நாள் காலையில் மெரினாவில் நடந்துவிட்டு நீங்கள் கழற்றிப் போடப்போகிற ஒரு பனியனுக்கு.

இன்னொன்று. முதுகில் ரப்பர் மாதிரி தடிப்பாக அடிக்கிறார்களே, அந்த பிரிண்ட் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்தது. கம்பெனியில் விழுகிற வெள்ளை கட்டிங் வேஸ்ட்டுக்கு நல்ல விலை உண்டு, பஞ்சாக்கி மறுபடி நூலாகிவிடும். பிரிண்ட் அடித்த பீஸை யாரும் சீண்ட மாட்டார்கள்.

டி-ஷர்ட் விற்ற காசில்தான் உனக்கு ஃபீஸ் கட்டுகிறேன், நானே வாங்காதே என்கிறேன். வேடிக்கைதான். தொழில் வேண்டாமென்று சொல்லவில்லை கண்ணு. வருஷக்கணக்கில் போடுகிற துணியைத் தைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஊர்வலத்துக்கு அவரவர் பெட்டியில் இருக்கிற பழைய சட்டையிலேயே வரச் சொல். கட்டாயம் அடையாளம் வேண்டுமென்றால் கட்டிங் வேஸ்ட்டில் பச்சைத் துண்டு ஒரு மூட்டை அனுப்புகிறேன், கையில் கட்டிக்கொள்ளுங்கள். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா என்று நீ அனுப்பிய லிஸ்டும் பார்த்தேன். இருக்கிற பிரஷ் தேயட்டும், அப்புறம் பார்க்கலாம். ஸ்ட்ரா எதற்கு, இளநீரை அண்ணாந்து குடி. ரூமில் ஏசியை 24-க்குக் கீழே இறக்காதே. ஒரு டிகிரி ஏற்றினாலே ஏறத்தாழ 6 சதவீதம் கரண்டு மிச்சம்.

துணியில்தான் உன்னால் நிஜமாகவே நிறையச் செய்ய முடியும். அடுத்த தடவை வாங்கும்போது விலைச் சீட்டைப் பார்க்கிற முன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். உன் விரல் நிழல் தெளிவாகத் தெரிந்தால் வைத்துவிடு. பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பார். கடையிலேயே கொஞ்சம் கோணலாக இருந்தால் ரெண்டு துவைப்பில் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் போடு. மிஷின் டிரையர் பக்கமே போகாதே, பின்னல் துணியின் ஆயுசை அது குறைத்துவிடும். சின்ன ஓட்டை தெரிந்தால் அன்றைக்கே ஊசி நூலை எடு. பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் மேலும் கீழும் ஓடிக்கொண்டே போகும், ஒரு வாரம் விட்டால் தைக்கவே முடியாது. காலர் தளர்ந்தது, கை கிழிந்தது எதையும் தூக்கிப் போடாமல் ஊருக்கு வரும்போது எடுத்து வா. ஞாயிற்றுக்கிழமை மிஷின் சும்மாதான் இருக்கும்.

அம்மா எள்ளுருண்டையும் முறுக்கும் எவர்சில்வர் தூக்கில் போட்டு அனுப்பியிருக்கிறாள். பாலித்தீன் கவரில் கட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், உன் மகள் திட்டுவாள் என்றேன். போன தடவை கொண்டுபோன ரெண்டு டப்பாவும் இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறதாம். தீபாவளிக்கு வரும்போது மூன்றையும் எடுத்து வந்துவிடு, இல்லாவிட்டால் பேச்சு வாங்குவது நான்.

அன்புடன்,
அப்பா