யோசியா இடித்தபோது மகிழ்ந்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சிறுவர் பகுதியில், ‘யோசியா ராஜா மேடைகளை இடித்தபோது யூதா தேசமே மகிழ்ந்து கொண்டாடியது’ என்று ஒரு வரி வந்திருந்தது. மேடைகள் என்பவை எருசலேம் ஆலயத்துக்கு வெளியே ஊர்தோறும் இருந்த பலியிடங்கள். அவற்றை இடித்ததற்கு எழுந்த அந்த மகிழ்ச்சி வேதாகமத்தின் எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது என்பதைத் தாங்கள் தெரிவித்தால் நன்றியுள்ளவளாயிருப்பேன். அதற்குச் சான்றாக யோசியா ஆசரித்த பஸ்கா பண்டிகையைக் காட்டுவீர்களானால், அது எருசலேமில், அரசனே 30,000 ஆட்டுக்குட்டிகளையும் 3,000 காளைகளையும் கொடுத்து நடத்திய பண்டிகை. யூதாவின் தென்கோடியான பெயெர்செபாவில் தன் ஊர் மேடையை இழந்தவன் அன்று என்ன நினைத்தான் என்பதற்கு அது சாட்சியாகாது.

2 இராஜாக்கள் 23ஆம் அதிகாரம் தாங்கள் அறியாததல்ல. யூதாவின் மேடை ஆசாரியர்கள் தங்கள் சகோதரரோடு புளிப்பில்லாத அப்பம் புசித்தார்களேயன்றி, எருசலேமின் பலிபீடத்தண்டையில் ஏற அவர்களுக்கு இடமில்லை. சமாரியாவில் இருந்தவர்களோ தங்கள் பலிபீடங்களின்மேலேயே கொல்லப்பட்டார்கள். ஓய்வுநாள் பள்ளியில் நான் இந்தப் பாடத்தை நடத்திய ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு பிள்ளை, “அந்த ஆசாரியர்கள் பிறகு எங்கே போனார்கள், டீச்சர்?” என்று கேட்டிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றும் கேள்வி தங்கள் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

விக்கிரக ஆராதனைக்கு நான் பரிந்து பேசுவதாக எண்ண வேண்டாம். இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணின தோப்பேத் என்னும் இடத்தை யோசியா தீட்டுப்படுத்தியது நியாயமே. ஆனால் கல் இடிந்ததால் மனமும் திரும்பிவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. எருசலேம் அழிந்தபின் எகிப்துக்குப் போன யூதர்கள், வானராக்கினி என்னும் தேவதைக்குத் தூபங்காட்டுவதை நிறுத்திய நாள் முதல்தான் எங்களுக்கு எல்லாம் குறைவுபட்டது என்று எரேமியா தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே வாதாடினார்களே (எரேமியா 44ஆம் அதிகாரம்), அவர்களும் கொண்டாடியவர்கள்தாமா?

யோசியாவைப் பற்றித் தங்கள் இதழ் எப்போது எழுதினாலும் எட்டு வயதில் முடிசூடிய சிறுவன் வருவான், பிரதான ஆசாரியன் இல்க்கியா ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகம் வரும். அந்தப் புஸ்தகத்தின் நிமித்தம் கர்த்தரிடம் விசாரிக்க அரசனின் ஆட்கள் தேடிப்போன தீர்க்கதரிசி உல்தாள் மட்டும் வரமாட்டாள். இதைக் குறித்து முன்பு நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. இடப் பற்றாக்குறை என்று எண்ணி ஆறுதலடைந்தேன். அந்த இதழில் போதகர்மாருக்குச் சால்வை போர்த்தும் படங்களே நான்கு பக்கம் இருந்தன.

அவற்றையெல்லாம் இப்போது கேட்கவில்லை. கட்டுரையோடு ‘யோசியா இடித்த பலிபீடம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அது பெயெர்செபா அகழாய்வில் 1973இல் கிடைத்த கொம்புள்ள பலிபீடம். அதன் கற்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டுப் பண்டகசாலைச் சுவரில் கட்டப்பட்டிருந்தவை. யோசியா ஆண்டதோ 7ஆம் நூற்றாண்டில். ஆய்வாளர் பலரும் அதை யோசியாவுக்கு முன் யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் நாட்களோடு சேர்த்தே பேசுகிறார்கள். அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பை மட்டுமாவது திருத்தி வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை