39 அடிக்கு 5 கட்டை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் சின்னவன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சோளம் ஏற்றிச் செல்லும் ஒரு சின்ன ரயில் கம்பெனியில் டிராக் வேலைக்குச் சேர்ந்த செய்தி படித்து மனசு நிறைந்தது. அப்பன் பார்த்த வேலை. அதுவும் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையும் (ஸ்லீப்பர்) அதில் அறையும் டாக் ஸ்பைக் ஆணியும் இன்னும் உயிரோடிருக்கும் பாதையில்.

அவன் அனுப்பிய படத்தில் பாதி ஸ்லீப்பர் உளுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாய். நியாயம்தான். ஆனால் அங்கே சட்டம் வேகத்தோடு கட்டை எண்ணிக்கையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. பத்தொன்பதரை அங்குல இடைவெளியில் 39 அடிக்கு 24 கட்டை வரும். சரக்கு வண்டி மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாத முதல் வகுப்புப் பாதையில் அதில் 5 நன்றாக இருந்தால் போதும். 2 டிகிரிக்கு மேற்பட்ட வளைவிலும், பாதை பிரியும் பாயிண்ட்ஸிலும் 6. வேகம் 25 மைல் வேண்டுமென்றால் 8, வளைவில் 9.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்று அவனிடம் சொல். அந்த ஐந்தும் ஒரே மூலையில் குவிந்திருந்தால் பயனில்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் 24 அங்குலத்துக்குள் ஒரு நல்ல கட்டையாவது இருக்க வேண்டும். ஆண்டுக்குக் கிடைக்கும் கொஞ்சக் கட்டையை முதலில் ஜாயின்ட்டுக்கும் வளைவுக்கும் கொடுக்கட்டும். அடுத்து, மூன்று நான்கு கெட்ட கட்டை வரிசையாக வரும் இடம். நேர்ப்பாதையில் தனியாக ஒன்று உளுத்திருந்தால் அது காத்திருக்கலாம்.

எது கெட்ட கட்டை? குறுக்கே முறிந்தது, ஸ்பைக்கைப் பிடிக்காதபடி பிளந்தது, தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இரும்புப் பிளேட் கட்டையின் கனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அறுத்து இறங்கியது, பிளேட் பக்கவாட்டில் அரை அங்குலம் நகரும்படி நைந்தது. கடைசியதுதான் ஆளைக் கொல்லும். மேலே பார்த்தால் முழுசாக இருக்கும். வண்டி ஏறும்போது தண்டவாளம் வெளியே தள்ளி, சக்கரம் உள்ளே விழுந்துவிடும். கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், ஐம்பத்தாறரை அங்குலம். முதல் வகுப்பில் 58 வரை அனுமதி. வண்டி நிற்காத வெறும் பாதையில் 57¾ வந்தால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. பிளேட் உரசிய தடத்தை அளந்து அதையும் கூட்ட வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்று உனக்குப் புதிதாக இருக்கும். நம் ஊரில் நேர்ப்பாதையில் இரண்டு பக்க ஜாயின்ட்டும் எதிரெதிரே வரும். அங்கே ஒரு பக்க ஜாயின்ட்டுக்கு எதிரே மறுபக்கத் தண்டவாளத்தின் நடுப்பகுதி வரும். ஜாயின்ட்கள் இறங்கிவிட்டால் உயரமான தானிய வேகன் இடமும் வலமுமாக ஆடும். 15 முதல் 20 மைல் வேகத்தில் அந்த ஆட்டம் வேகனின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போய் சக்கரத்தையே தூக்கிவிடும். 10 மைலில் வராத ஆபத்து அது. நேரத்தைப் பிடிக்க 17, 18-இல் ஓட்டுவதைப் போல மோசம் எதுவுமில்லை. மருந்து பழையதுதான்: போல்ட்டை இறுக்கி, ஜாயின்ட்டுக்குக் கீழே ஜல்லியை இறுக்கி அடைத்து நன்றாகப் பேக்கிங் செய்வது. கட்டை மாற்றும்போது தண்டவாளத்தைத் தேவைக்கு மேல் ஜாக்கியால் தூக்கினால் பக்கத்துக் கட்டைகளின் அடியில் ஜல்லி ஓடி, அங்கே மேடு விழும். கடும் வெயிலில், ஜாயின்ட் இடைவெளி மூடியிருக்கும் நேரத்தில் ஜல்லியைத் தோண்டவே வேண்டாம்.

இந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் ரயில்வேக்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு பெரிய ரயில்வேக்கள் கழற்றிவிட்ட கிளைப் பாதைகளை எடுத்து நடத்துபவை. பழைய தண்டவாளம் மெல்லியது; வேகனோ 263,000 பவுண்டிலிருந்து 286,000-க்கு ஏறிவிட்டது. அச்சுக்கு 32 டன்! பாலங்களும் சேர்ந்து திணறுகின்றன. பராமரிப்புச் செலவில் 40 சதவீதத்தை, மைலுக்கு 3,500 டாலர் என்ற உச்சவரம்போடு, வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்க மத்திய அரசு விடுகிறது. 2020 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். எனக்குத் தெரிந்து சரியான இடத்தில் போய்ச் சேரும் உதவி அது.

ஆள் குறைவு என்பதால் அவனையே வண்டி ஓட்டவும் அனுப்பலாம். அப்படியானால் காலையில் ஸ்பைக் அடித்த மணிகளும் வண்டி ஓட்டுபவருக்கு உள்ள 12 மணி நேர வேலை வரம்பில் சேரும். பிறகு 10 மணி நேர ஓய்வு கட்டாயம். இதில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்த முறை வளைவில் வெளித்தண்டவாளத்தின் பிளேட்டுகளைக் கிட்டே இருந்து படமெடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து அனுப்பச் சொல். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்