போர்வையை விலக்கியவருக்கு நன்றி

வலிப்பைக் கேமராவிலும் மூளையின் மின்னலைகளிலும் சேர்த்துப் பதிவுசெய்யும் வீடியோ இ.இ.ஜி. அறையில் இரவுப் பணியில் இருந்த டெக்னீஷியன் அம்மாவுக்கு,

எங்கள் வீட்டுப் பிள்ளையின் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்துவிட்டது. கேங்லியோகிளியோமா, கிரேடு 1: மெதுவாக வளரும் வகை மூளைக் கட்டி. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் ஆளை அமுக்கிப் பிடிப்பார்கள், கேமராவை மறைத்து நிற்பார்கள். நீங்கள் விளக்கைப் போட்டீர்கள். போர்வையை இழுத்துவிட்டு, இரண்டு கையும் தெரியும்படி ஒதுங்கி நின்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கையைத் தூக்குப்பா" என்றீர்கள். நினைவு இருக்கிறதா என்று பிறகு கேட்டுப் பார்க்க, "யானை, ஞாபகம் வச்சுக்கோ" என்றீர்கள். வலிப்பு நின்ற பிறகும் நகரவில்லை, பேனாவைக் காட்டி, பதில் வரும்வரை "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

போர்வை கிடந்திருந்தால் வலது கை முறுக்கி விறைத்தது பதிவாகியிருக்காது. டெம்பொரல் மடல் (காதுப் பக்கத்து மூளைப் பகுதி) வலிப்பில் ஒரு கை அப்படி முறுக்கினால், வலிப்பு பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையில் தொடங்கியிருக்கும். முடிந்ததும் மூக்கைத் துடைத்தது இடது கை. அது பெரும்பாலும் தொடங்கிய பக்கத்துக் கையாகவே இருக்கும். தெளிந்த பிறகும் பேனாவின் பெயர் வாயில் வரவில்லை. மூளையில் பேச்சுக்குரிய பக்கம் (பெரும்பாலோருக்கு இடது) களைத்துக் கிடந்ததன் அடையாளம் அது. மூன்றும் கட்டி இருந்த இடது பக்கத்தையே காட்டின. எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரிந்தாலே போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. இவ்வகைக் கட்டியைச் சுற்றியுள்ள மூளைப் புறணியும் (மேலடுக்கு), பக்கத்தில் நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸும் வலிப்பில் சேர்ந்திருக்கலாம். எதுவரை எடுப்பது, பேச்சையும் நினைவாற்றலையும் எப்படிக் காப்பது என்ற பேச்செல்லாம் உங்கள் சில நிமிடப் பதிவை வைத்துக்கொண்டுதான் நடந்தது.

1 மி.மீ. துண்டுகளாக மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தவர், நினைவாற்றல் சோதனை செய்தவர், வலிப்பைப் பதிவுசெய்வதற்காக மாத்திரை குறைத்த நாட்களில் ஊசி மருந்தோடு காத்திருந்த செவிலியர்கள், அறுவைசிகிச்சை, மயக்க மருந்துக் குழுவினர், ரத்தம் கொடுத்தவர்கள்: எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

மாத்திரை தொடர்கிறது, டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்த மாட்டோம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காதவர்களைப் பார்த்தால், அடுத்த மாத்திரையை மட்டும் நம்பியிராமல் வலிப்பு அறுவைசிகிச்சை செய்யும் மையத்தில் காட்டச் சொல்வோம். வீட்டில் மொபைலில் வீடியோ எடுத்தாலும் போர்வையை விலக்கி, முகமும் இரண்டு கைகளும் தெரிய எடுக்கச் சொல்வோம்.