பத்திரத்தைப் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாம் இருந்தன. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் வீடு வாங்கியவள் நான்.

2022 மே மாதம் வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். கட்டி 18 வருடம் ஆகியிருந்தது. அஞ்சலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணமும் மகன் வாங்கிய வங்கிக் கடனும் அதில் இருக்கின்றன. வக்கீல் பத்திரங்களை இரண்டு வாரம் பார்த்தார். வீட்டை நாங்கள் பார்த்ததோ மொத்தம் முக்கால் மணி நேரம். பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் நுழைந்ததும் அந்த வாசனையே எங்களுக்குப் பிடித்துப் போனது.

ஐப்பசி மழை தொடங்கி மூன்று வாரம் இருக்கும். பட்டுப் புடவைகளை வெயிலில் போடலாம் என்று பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். என் கல்யாணப் புடவையின் மடிப்பில் சாம்பல் பூசியதுபோல் பூசணம். பீரோவை நகர்த்தினால், பின்சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினேன், பெயிண்ட் அப்பளம்போல் உடைந்து, உள்ளிருந்த பூச்சு மாவாகக் கொட்டியது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் நாலு வயதுப் பேரன் படுப்பான். புரட்டாசியிலிருந்தே அவனுக்கு இரவில் இளைப்பு. மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ‘வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா?’ என்று குழந்தை மருத்துவர் கேட்டபோது, இல்லை என்று நானே சொல்லியிருந்தேன். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

மகனுக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் ஈரம் அளக்கும் கருவியோடு வந்தார். கைக்கு அடக்கமானது, முனையில் இரண்டு ஊசி. ஜன்னல் உயரத்தில் வைத்தபோது சும்மா இருந்தது. சுவரின் அடியில் வைத்ததும் கத்த ஆரம்பித்துவிட்டது. காரணம் தெருவில் இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. சரிசெய்ய வளாகத்துக்குள்ளும் மண் கொட்டியதில், அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட தடுப்பு மண்ணுக்குள் போய்விட்டது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏற ஏற, செங்கல் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றதையும் குடிவந்த பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

விற்றவரிடம் கேட்டோம். ‘பெயிண்ட் அடித்தேன், வேறொன்றும் தெரியாது’ என்றார். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறை சொத்தில் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்றார் வக்கீல். கட்டுநரிடம் புதிதாக வாங்குபவர்களுக்காவது, 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 5 வருடத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறையை அவர் செலவிலேயே சரிசெய்யச் சொல்ல வழி உண்டு. ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. நாலடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூச 85,000 ரூபாய் ஆனது. பொறியாளரை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கூட்டி வந்திருந்தால் அரை நாள் வேலை.

மே மாதத்தில் சென்னையில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். முடிந்தால் மழைக்காலத்தில், மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். பீரோவை நகர்த்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

கடன் கொடுக்கும் முன் வங்கியின் மதிப்பீட்டாளரும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அறைகளை அளந்தார், படம் எடுத்தார், போய்விட்டார். அவர் நிரப்பும் படிவத்தில் சுவரின் ஈரத்துக்கும் ஒரு கட்டம் சேர்ப்பதில் வங்கிகளுக்கு என்ன கஷ்டம்? அடமானமாக அவர்கள் கையில் இருப்பதும் அதே சுவர்தானே. நான் கேட்டால் யார் காதிலும் விழாது. உங்கள் நாளிதழ் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
வேளச்சேரி, சென்னை