குண்டு விழுந்த தூரம்

கடலூர்,
ஜூலை 14

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பாடத்திட்டத்தை அம்மா கடைத்தெருவில் அச்செடுத்து வந்து கொடுத்தாள். கைப்பேசித் திரையில் படித்தால் எனக்கு எதுவும் மனத்தில் தங்குவதில்லை. தாளும் சிவப்புப் பேனாவும் வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றை ஒரே பருவத்தில் நடத்தி முடிக்க வேண்டும் என்றும், ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது என்றும் எழுதியிருந்தாய். பதினெட்டு வாரங்களுக்குப் பதினெட்டு அத்தியாயங்கள் என்று அளந்து வெட்டிய துணிபோல உன் அட்டவணை அழகாக இருக்கிறது. எனக்குப் பயம் தந்ததும் அந்த அழகுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் சிந்துவெளியிலேயே ஆறு வாரம் மூழ்கிக் கிடந்துவிட்டு, பிப்ரவரி பிறந்த பிறகு 1857 முதல் 1947 வரையிலான 90 ஆண்டுகளை ஒன்பது பாடவேளைகளில் ஓட்டினேன். தண்டி யாத்திரைக்குக் கிடைத்தது அரைப் பாடவேளை. அதிலும் பாதி வருகைப் பதிவில் போயிற்று. அடுத்த ஆண்டு அதற்குப் பரிகாரமாக, இப்போது நீ செய்திருப்பதைப்போல எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்டேன். அது இன்னும் மோசமாக முடிந்தது. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: நான்கைந்து இடங்களில் மட்டும் நின்று, ஒரு தாளையோ படத்தையோ கையில் கொடுத்து, இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று பிள்ளைகளையே கேட்க வை. மற்றவற்றைக் கதைபோலச் சொல்லிக் கடந்து போ.

முதலில் செப்டம்பர் 17. 1787இல் அதே நாளில்தான் பிலடெல்பியாவில் அரசமைப்புச் சட்டத்தில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். மத்திய அரசின் நிதி பெறும் பள்ளிகள் அந்த நாளையொட்டி அரசமைப்பைப் பற்றி ஏதாவது கற்பிக்க வேண்டும் என்று 2004 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அந்த வாரத்தில் உன் பிள்ளைகள் கொலம்பஸைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால் அன்று அதன் முதல் மூன்று சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுது. தமிழில் 'மக்களாகிய நாம்' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். அந்த 'நாம்' யார், யார் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கட்டும். உறைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடு. டிசம்பரில் பிரிக்கலாம்.

ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய காலத்துக்கு நீ ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறாய். மூன்று வாரம் கொடு. மிசிசிப்பிக் கரையருகே கஹோக்கியாவில் ஏறத்தாழ 30 மீட்டர் உயர மண்மேடு இன்றும் நிற்கிறது. 1100ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு நகரமே இயங்கியது. நம் பக்கத்தில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. 'காலியாகக் கிடந்த கண்டம்' என்ற எண்ணம் அந்த ஒரு மேட்டைப் பார்த்தாலே கலைந்துவிடும். ஐந்து இனங்கள் கூடிக் கூட்டமைப்பு நடத்திய இரோக்குவாக்களைப் பற்றியும், நீங்கள் குடியிருக்கும் பென்சில்வேனிய மண்ணுக்கு உரியவர்களான லெனாபே மக்களைப் பற்றியும் பெயர் சொல்லிப் பேசு. நான் முப்பது வருடம் 'சிவப்பிந்தியர்' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரையும் அடைத்துக் கற்பித்தேன். நம் பாடநூலில் அப்படித்தான் இருந்தது. அதற்காக அது சரியாகிவிடாது.

ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுன் 1607, பிளிமத் 1620. இரண்டையும் சேர்த்து இரண்டு வாரம் போதும். ஆனால் பிளிமத்தின் விருந்தை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து, நன்றி நவிலும் நாளான நவம்பர் நான்காம் வியாழனுக்கு முந்தைய இரண்டு நாட்களுக்கு ஒத்திவை. அந்த நாளில் வீட்டில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும். பிள்ளைகளின் காது அப்போதுதான் திறந்திருக்கும். 1621இன் அந்த அறுவடை விருந்தைப் பற்றி அப்போதே எழுதப்பட்டுக் கிடைப்பது குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ ஊருக்கு எழுதிய கடிதத்தில் உள்ள சில வரிகள்தாம். அப்பகுதிப் பூர்வகுடித் தலைவர் மாசசாய்ட்டுடன் ஏறத்தாழ 90 ஆண்கள் வந்ததும், அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்ததும் அதில் இருக்கின்றன. அந்த வரிகளைப் படித்துவிட்டு, பாடநூலில் இருக்கும் விருந்துப் படத்தில் எவையெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை என்று பிள்ளைகள் வட்டமிடட்டும். ஒரு பாடவேளைக்கு இது தாங்கும். குடியேறிகளுக்கு மொழிபெயர்த்த பூர்வகுடியான டிஸ்குவாண்டம் எப்படி ஆங்கிலம் பேசினார் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். 1614இல் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய ஊர் நோயில் அழிந்து கிடந்தது. அந்த ஊர் இருந்த இடத்தில்தான் பிளிமத் எழுந்தது.

அடிமை முறையை உள்நாட்டுப் போர்ப் பாடத்துக்கு என்று நீ தள்ளி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1619இல் வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம் கூடி ஒரு மாதம் ஆவதற்குள் 'இருபதுக்குச் சற்று மேற்பட்ட' ஆப்பிரிக்கர்கள் அதே குடியேற்றத்தின் கரையில் இறக்கப்பட்டார்கள். இரண்டும் ஒரே வீட்டின் அஸ்திவாரம். எலிசபெத் கீ என்ற பெண்ணின் வழக்கைச் சொல். தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். தந்தையின் நிலையைக் காட்டி வழக்காடி 1656இல் விடுதலை பெற்றாள். 1662இல் வர்ஜீனியா சட்டமன்றம், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் இயற்றி அந்தக் கதவை அடைத்தது. அடிமை முறை தானாக முளைத்ததல்ல, உட்கார்ந்து எழுதிய சட்டம் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதிலேயே விளங்கிவிடும். ஒன்று மட்டும்: வகுப்பில் இதை நடிக்க வைக்காதே. நாடகம் போடுவதில் எனக்கு இருக்கும் ஆசை உனக்குத் தெரியும்; ஆனாலும் ஏலத்தையும் சங்கிலியையும் பிள்ளைகளுக்கு வேடமாக மாட்டிவிடக் கூடாது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான பாடத்துக்கு வருகிறேன். 1737இன் 'நடைக் கிரயம்' உன் அட்டவணையில் ஒரு வரியாகக்கூட இல்லை. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பிள்ளைகள், 1686ஆம் ஆண்டுப் பத்திரம் என்று ஒன்றைச் சொல்லி, ஓர் ஆள் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தூரம்வரை லெனாபேக்கள் தங்களுக்கு நிலம் தந்திருப்பதாகக் கூறினார்கள். லெனாபேக்கள் நினைத்தது, வழியில் உட்கார்ந்து, உண்டு, ஆற்றோரமாக நடக்கிற மனிதனின் நடை. பென் குடும்பத்தார் செய்தது வேறு. முன்கூட்டியே காட்டில் பாதை வெட்டி வைத்து, பணமும் நிலமும் தருவதாகச் சொல்லி, வேகக்காரர்கள் மூவரைத் தேடிப் பிடித்தார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி காலை ரைட்ஸ்டவுனிலிருந்து மூவரும் புறப்பட்டார்கள். இருவர் வழியிலேயே விழுந்துவிட, எட்வர்ட் மார்ஷல் என்பவர் மட்டும் கடைசிவரை போனார். அதன் பிறகு எல்லைக்கோட்டை ஆற்றுக்கு நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தார்கள். கைமாறிய நிலம் ஏறத்தாழ 1,200 சதுர மைல். நம் கடலூர் மாவட்டத்தில் பெரும்பகுதி அளவு.

இதைப் படித்தபோது எனக்கு நம் குண்டு சாலைதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து, ஏனப்பா இந்தப் பெயர் என்று நீ கேட்டது உனக்கு மறந்திருக்கும். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது கிரயப் பேச்சு. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கியையும் சுடுகிறவன் கைத்திறனையும் பொறுத்தது என்பது கம்பெனியாருக்கு நன்றாகத் தெரியும். அப்போது சென்னைக் கோட்டையின் கவர்னர் எலிஹு யேல். பின்னாளில், 1718இல், கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும் புத்தகங்களும்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டின. இங்கே குண்டு, அங்கே கால். அளக்கும் கருவியை யார் தேர்ந்தெடுக்கிறார் என்று உன் பிள்ளைகள் கேட்டுக்கொண்டால் போதும். பள்ளி மைதானத்தில் இரண்டு நிமிடம் ஒருவரைச் சாதாரணமாக நடக்கவும் இன்னொருவரை ஓடவும் விட்டு, நாடாவால் அளந்து பலகையில் வரையச் சொல். இதற்கு ஒரு முழு வாரம் கொடு.

1763 முதல் 1776 வரை நான்கு வாரம். முத்திரைச் சட்டம், டவுன்ஷெண்ட் வரிகள் என்று பட்டியல் போடுவதைவிட, பாஸ்டனில் 1770 மார்ச் 5 இரவு பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதற்கு இரண்டு நாள் செலவிடு. பால் ரிவியர் செதுக்கி விற்ற படத்தைப் பெரிதாக்கி மாட்டு. முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கட்டும். சிப்பாய்கள் வரிசையாக நின்று, பின்னால் அதிகாரி வாளை உயர்த்த, ஒன்றாகச் சுடுகிறார்கள். எதிரே நிற்கும் கூட்டத்தின் கையில் ஒரு தடிகூட இல்லை. சிப்பாய்களின் தலைக்கு மேலே கட்டடத்தில் 'கசாப்புக் கூடம்' என்று பலகை தொங்குகிறது. நடுவில் ஒரு நாய் நிற்கிறது; பிள்ளைகள் முதலில் நாயைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மறுநாள் நீதிமன்றச் சாட்சியங்களைக் கொடு. தரையில் பனி கிடந்தது, கூட்டம் பனிக்கட்டியும் கட்டையும் எறிந்தது. செத்த ஐவரில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வழியினர். படத்தில் அவரை அடையாளம் காண முடியாது. சிப்பாய்களுக்காக வாதாடியவர், பின்னாளில் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். எட்டுப் பேரில் ஆறு பேர் விடுதலையானார்கள். இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். அப்படியானால் ரிவியர் பொய் சொன்னாரா என்று கேட்டுவிட்டு நீ நாற்காலியில் உட்கார்ந்துகொள். மீதியை அவர்களே நடத்துவார்கள்.

தேநீர்ப் பாடத்தில் ஒரு சிரிப்பு. நம் ஊர்ப் புத்தகத்தில் அதைப் 'பாஸ்டன் தேநீர் விருந்து' என்று போட்டிருந்தார்கள். விருந்தில் பலகாரம் என்ன சார் என்று ஒரு பையன் கேட்டான். 1773 டிசம்பர் 16இல் பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டிகளும் சீனத் தேயிலை. அனுப்பியது, வங்காளத்தில் பஞ்சத்துக்குப் பிறகு கடனில் தத்தளித்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி. புதிய சட்டத்தால் தேயிலை விலை உண்மையில் குறைந்தது என்பதையும் சொல். விலை குறைந்தும் ஏன் கொட்டினார்கள் என்பதுதான் நல்ல கேள்வி.

விடுதலைப் போருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். படைநகர்வுகளில் ஆசை உள்ள பையன்களுக்கு வரைபடத்தைக் கொடுத்துவிடு. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்ததோடு பாடநூல் நிறுத்திவிடும். நீ இன்னும் ஒரு வரி சேர். பிரான்ஸ் அமெரிக்கரின் பக்கம் சேர்ந்ததால் அந்தப் போர் நம் ஊருக்கும் வந்தது. 1783 ஜூனில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் ஸ்டூவர்ட்டின் கம்பெனிப் படையும் கடலூரில் வெட்டி மடிந்தன. ஐரோப்பாவில் சமாதானத்தின் முன் ஒப்பந்தங்கள் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தன. செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர ஜூன் முடிந்துவிட்டது. கார்ன்வாலிஸும் 1786இல் இந்தியாவுக்கு வந்து, திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமஹாலையும் வாங்கிக்கொண்டு போனது உனக்கே தெரியும். தங்கள் டீச்சர் பிறந்த ஊரில் அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்தது என்றால் பிள்ளைகள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

அரசமைப்புக்கு மூன்று வாரம். அடிமைகளைத் தலைக்கு ஐந்தில் மூன்று பங்காக மக்கள்தொகையில் எண்ணிய கணக்கை மழுப்பாமல் சொல். பிறகு மாசசூசெட்ஸின் எலிசபெத் ஃப்ரீமன். எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற மாநில அரசமைப்பின் சொல்லைப் பிடித்துக்கொண்டு 1781இல் வழக்காடி விடுதலை பெற்றவள். அந்தப் பாடவேளை முடிந்த கையோடு உறைகளைப் பிரி. செப்டம்பரில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த 'நாம்' யார் என்று அதே தாளின் பின்புறத்தில் மறுபடி எழுதட்டும். மதிப்பெண் போடாதே.

நடுவில் ஒரு வாரத்தை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விடு. இங்கே மழை விடுமுறை என்றால் அங்கே பனி விடுமுறை. மாசசூசெட்ஸின் சேலத்தில் நடந்த சூனியக்காரி வழக்குகளுக்கு ஒரே நாள். பிள்ளைகள் ஒரு மாதம் கேட்பார்கள், கொடுத்துவிடாதே.

நாளை காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது குண்டு சாலைப் பெயர்ப்பலகையையும், தேவனாம்பட்டினத்தில் மிச்சமிருக்கும் கோட்டைச் சுவரையும் படமெடுத்து அனுப்புகிறேன். இரண்டுக்கும் இடையே எத்தனை தப்படி என்று எண்ணிச் சொல்லவும் பார்க்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் ஆட்டோவின் மீட்டர்தான். அப்படியானால் அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா