புழுதியில் விதைத்தாயிற்று

முதுகுளத்தூர்,
புரட்டாசி 15.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விதைப்பு வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது. "மழையே பெய்யாத ஊரில் எதை நம்பி விதைக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலும் இதையேதான் கேட்பாய்.

மழை பெய்கிறது, ஐயா. ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உங்கள் கோவை நகரத்தில் பெய்வதைவிட இது குறைவில்லை. ஆனால் உனக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் சாரலாவது வந்துவிடும். எங்களுக்கு அந்த மேகமெல்லாம் மலைக்கு அப்பாலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் கச்சான் காற்றாக, அதாவது காய்ந்த தென்மேற்குக் காற்றாக, வந்து சேரும். பகல் முழுக்கப் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். பாம்பன் பக்கத்து மீனவர்கள் அந்த மாதங்களில் கொந்தளிக்கிற தென்கடலை விட்டு வடகடலுக்கு மாறிக்கொள்வார்கள். நிலத்தை நம்பியவன் எங்கே மாறுவது? ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால்தான் உண்டு. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்தச் சில வாரங்களில்தான்.

அதனால்தான் புழுதி விதைப்பு. ஈரமே இல்லாத மண்ணில் நெல்லைத் தூவி உழுதுவிடுகிறோம். எறும்பும் மயிலும் தின்றது போக மீதி உள்ளே கிடக்கும். முதல் நல்ல மழைக்கு முளைத்துவிடும். எனக்குப் பயம் மழை வராமல் போவதைப் பற்றிக்கூட இல்லை. அரைகுறையாக வந்துவிட்டு நின்றுவிடுவதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் ஆயிற்று. ஒரு மழைக்குப் பச்சை கட்டிய பயிர் இருபது நாள் வெயிலில் என் கண் முன்னாலேயே கருகியது. கடன் வாங்கி மறுபடி விதைத்தேன். அந்த வயலைத் தாண்டி நடக்க அப்போது மனம் வரவில்லை.

பெய்தாலும் சிரமம்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏறக்குறைய அரை வருட மழை! அப்படி வருவதைப் பிடித்து வைக்கத்தானே முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி, ஒன்று நிரம்பிக் கலுங்கு வழிந்தால் அந்த உபரி நீர் அடுத்ததற்குப் போகும்படி வைத்தார்கள்? எங்கள் கண்மாயில் இப்போது பாதி வண்டல், பாதி சீமைக்கருவேலம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே ஓடியது என்பதைப் பெரியவர்கள்தான் கைகாட்டுகிறார்கள். வானத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இந்தக் கண்மாயைத் தூர்வாரி முடித்துவிட்டால் தை வரைக்கும் தண்ணீர் நிற்கும் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்காகத்தான் மூன்று மாதமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

நீ தை மாதம் வா. வெயில் தாழ்ந்திருக்கும். கண்மாய் பெருகியிருந்தால் மேலச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்தில் நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கியிருக்கும். பேத்தியையும் அழைத்து வா. மாசி, பங்குனி வரை தங்கினால் களத்தில் முண்டு மிளகாய் சிவக்கச் சிவக்கக் காய்வதையும் பார்ப்பாள்.

நேற்று இரவு கிழக்கே மின்னல் வெட்டியது. எழுந்து போய் வைக்கோலை மூடினேன். விடியும்வரை ஒரு துளி விழவில்லை. இன்றும் மூடி வைத்திருக்கிறேன்.

உன்,
பழைய அறைத்தோழன்