பேரன் நெற்றியில் ஊதாப் பசை

மதுரை

அன்புள்ள மல்லிகா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பேரன் நெற்றியில் தையலே போடாமல் ஊதா நிறத்தில் எதையோ தடவி அனுப்பிவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்களா, அது ஃபெவிக்விக்கா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் மருமகளும் படிக்கட்டும்.

யாரும் ஏமாற்றவில்லை, அது தையலுக்குப் பதிலாகக் காயத்தை ஒட்டும் மருத்துவப் பசை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக் காயம், நேரான காயம், ஓரம் இரண்டும் நன்றாகச் சேர்ந்திருக்கிறது. நான் அந்த கேஷுவால்டியில் டியூட்டியில் இருந்திருந்தால் ஊசி நூலை எடுத்து வைத்திருக்கவே மாட்டேன். குழந்தையை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மரத்துப்போக ஊசி போட்டுத் தைப்பது எப்படியிருக்கும் என்று பார்த்தவளுக்குத்தான் தெரியும். தையல் பிரிக்க மறுபடி ஒரு நாள் அழுகை வேறு.

ஃபெவிக்விக்குக்கும் இதற்கும் பங்காளி உறவு உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரண்டும் சயனோஅக்ரிலேட் என்ற ரசாயன வகைதான். அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த ஹாரி கூவர் என்பவர் 1942-ல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது கையில் அகப்பட்டது இது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல்தான் அந்தத் தொல்லையே இதன் பலம் என்று புரிந்தது, 1958-ல் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் ரத்தம் கொட்டும் காயங்களில் இதை ஸ்பிரேயாக அடித்து, ஆஸ்பத்திரி போகும்வரை சிப்பாய்களின் உயிரைப் பிடித்து வைத்தார்கள்.

ஈரம் பட்டதும் இதன் மூலக்கூறுகள் கைகோத்து இறுகிவிடும். தோலில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கிறதே, அது போதும். இறுகும்போது சூடு கிளம்பும், பேரன் "சுடுது பாட்டி" என்று சொன்னது அதைத்தான். கடைப்பசை பெரும்பாலும் எத்தில் வகை. அதன் மூலக்கூறில் இருக்கும் பக்கச் சங்கிலி குட்டை என்பதால் உடம்பில் சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடை விடும், சதையைப் புண்ணாக்கும். சுத்திகரித்த மருந்தும் இல்லை அது. மருத்துவப் பசையில் பியூட்டில், ஆக்டில் என்று சங்கிலி நீளம், மெதுவாகச் சிதையும். பியூட்டில் பசை ஐரோப்பாவில் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆக்டிலுக்கு அமெரிக்கா 1998-ல் அனுமதி கொடுத்தது. எங்கே தடவினோம் என்று கண்ணுக்குத் தெரியத்தான் அந்த ஊதா சாயம்.

2025 தொடக்கத்தில் கர்நாடகாவின் ஹாவேரி மாவட்டத்தில் நடந்ததைப் படித்திருப்பாய். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர், ஏழு வயதுப் பையனின் கன்னத்துக் காயத்தில் ஃபெவிக்விக்கைப் போட்டுவிட்டார். பெற்றோர் வீடியோ எடுக்க, அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். தையல் போட்டால் முகத்தில் தழும்பு நிற்குமே என்பது அவர் சொன்ன காரணம். செய்தது தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த யோசனையில் பாதி சரி என்பதுதான் என்னை உறுத்துகிறது. உரிய பசையில் ஒரு குப்பி அந்த அலமாரியில் இருந்ததா என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை. நூலைவிட அது விலை கூட.

இன்னொன்று, பசையைக் காயத்துக்குள் ஊற்றக் கூடாது. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதலில் தண்ணீர் விட்டு மண், தூசி இல்லாமல் கழுவி, ரத்தத்தை நிறுத்தி, ஓரங்களை விரலால் சேர்த்துப் பிடித்து, மேல்தோலின் மீது மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். காய்ந்ததும் மறுபூச்சு. அது இறுகும்வரை கை ஆடக் கூடாது. புருவத்துக்குப் பக்கம் என்றால் இன்னும் கவனம், ஒரு சொட்டு வழிந்தால் இமை ஒட்டிக்கொள்ளும். நல்ல டாக்டர் கண்மேல் ஈரப் பஞ்சு வைத்துக்கொள்வார். காயம் முழங்கால், விரல் கணு மாதிரி மடங்கும் இடத்தில் இருந்தாலோ, நாய் கடித்ததாக இருந்தாலோ, வாய்க்குள் இருந்தாலோ, ஓரங்கள் விலகி இழுத்துக்கொண்டு நின்றாலோ பசையை நம்பாதே. பெரும்பாலும் தையல்தான், நாய்க்கடியை மட்டும் பொதுவாக உடனே தைக்க மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் தழும்பின் அழகில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பசை போட்ட காயம் பிரிந்துகொள்வது கொஞ்சம் அதிகம். ஒரு வாரம் பையன் மரம் ஏறாமல் பார்த்துக்கொள்.

அப்புறம் மல்லிகா, தேங்காய் எண்ணெய்! உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். எண்ணெய், வாசலின், ஆயின்ட்மென்ட் எது பட்டாலும் பசை இளகி விட்டுவிடும். மஞ்சளும் வேண்டாம். குளிக்கலாம், ஒற்றி எடு, தேய்க்காதே. கிணற்றில் நீச்சல் கூடாது. ஐந்திலிருந்து பத்து நாளில் தானாக உதிரும், உரிக்காமல் விடு. சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டு. டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசி அட்டையையும் பார்த்துவிடு, பசை போட்டதால் அது வேண்டாம் என்று ஆகிவிடாது.

என் செய்தி, வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. தெளிவாகத் தெரிகிறது, வீட்டுக்குள் இவ்வளவு ஒட்டடை இருப்பதும் இப்போதுதான் தெரிகிறது. அங்கே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மாவுக்குப் புது லென்ஸ் தங்கும் பை கிழிந்துபோய், லென்ஸைப் பசை வைத்து நிறுத்தப்போகிறார்களாம். பயந்துபோயிருந்தார். இது சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் 2007-ல் செய்த முறை என்று சொல்லித் தைரியம் கொடுத்தேன். லென்ஸின் கால்களை வெள்ளை விழிக்குள் செருகி, மேலே மூடும் மடிப்பை ஃபைப்ரின் பசையால் ஒட்டுவார்கள். ஃபைப்ரின் வேறு சரக்கு. ஃபைப்ரினோஜன், த்ராம்பின் என்று ரத்தத்தில் இருக்கும் இரண்டு பொருள்களைச் சேர்த்தால் ரத்தம் உறைவது போலவே உறையும், பிறகு உடம்பே கரைத்துக்கொள்ளும். பேரனுக்குப் போட்ட வகையும் கண்ணுக்குப் போகும். நெல் தாள் கீறி, பூஞ்சை பிடித்து, கருவிழியில் சின்ன ஓட்டை விழுந்து வருகிற விவசாயிகளுக்கு ஒரு சொட்டு வைத்து, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ் போட்டு அடைப்பார்கள். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, இரைப்பை நாளம் வெடித்து ரத்தவாந்தி எடுப்பவர்களுக்கு எண்டோஸ்கோப் வழியாக நாளத்துக்குள்ளேயே பியூட்டில் பசையைச் செலுத்துவதும் உண்டு. அந்த வார்டில் இருந்த காலத்தைப் பற்றி நேரில் பேசலாம்.

தழும்பு கறுக்காமல் இருக்க, பசை உதிர்ந்த பிறகு சில மாதம் வெயிலில் தொப்பி போட்டு அனுப்பு. தை மாசம் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது அந்த இருட்டுக்கடை அல்வாவைக் கொண்டு வா, என் சர்க்கரையைப் பற்றி என் பெண்ணிடம் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
சாந்தி